ஜிரினோவ்ஸ்கி: எதிர்க்கட்சியா, அரசாங்கத்தோட ஆளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல ரஷ்யத் தேர்தல் பத்தி ஒரு தம்பி கேட்டதுக்குப் பதில் எழுதும்போது, "ஜிரினோவ்ஸ்கி மாதிரி ஒவ்வொரு தடவையும் நிக்கிறவங்களும் அங்க உண்டு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் இந்த ஒரு ஆளைப் பத்திதான் கேள்வி. சரி, இந்த வாரம் பூரா அவருக்கே விட்டுடலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன், பேர் போட இடம் பத்தல, ஊர் மட்டும் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி (தேனி): சார், முதல்ல இவர் யாரு? எங்கேர்ந்து வந்தாரு?

விளாதிமிர் ஜிரினோவ்ஸ்கி. பொறந்தது 1946 ஏப்ரல் 25, அல்மா-ஆத்தாவுல. இப்ப அது கஜகஸ்தான்ல இருக்கிற அல்மாட்டி. ரஷ்ய தேசியவாதம் பேசியே காலத்த ஓட்டின மனுஷன் பொறந்த ஊர் இன்னைக்கு ரஷ்யாவுலயே இல்ல, அந்தக் கடுப்பு கடைசி வரைக்கும் அவர் பேச்சுல இருந்துச்சு, கஜகஸ்தானைப் பத்தி வாய் தொறந்தாலே ஏதாவது ஏழரைய இழுத்து வச்சுருவாரு.

மாஸ்கோ பல்கலைக்கழகத்துல கீழை மொழிகள் படிப்பு, துருக்கி மொழிதான் மெயின், 1970-ல முடிச்சாரு. படிக்கும்போதே 1969-ல மொழிபெயர்ப்பாளரா துருக்கிக்குப் போனாரு, அங்க சோவியத் உதவியோட ஒரு இரும்பு ஆலை கட்டிட்டு இருந்தாங்க, போன இடத்துல கம்யூனிசப் பிரச்சாரம் பண்ணாருன்னு பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க, அப்புறம் ஊருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. புஷ்கின் படம் போட்ட பேட்ஜ் குடுத்ததுதான் குத்தம்னு இவர் தரப்பு கதை. அப்புறம் ரெண்டு வருஷம் தபிலிசியில ராணுவ சேவை, வேலை பாத்துக்கிட்டே சாயங்கால வகுப்புல சட்டப் படிப்பு, 1977-ல வக்கீல் பட்டம்.

இதுல நமக்கு ஒரு சின்ன தொடர்பு இருக்கு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்ல சல்லிசா கிடைச்ச சோவியத் அறிவியல் புத்தகங்கள் ஞாபகம் இருக்கா, பைண்டிங் கல்லு மாதிரி இருக்கும், மீர் பதிப்பகம்னு போட்டிருக்கும்? அந்த மீர் பதிப்பகத்துலதான் 1983-லேர்ந்து 1990 வரைக்கும் இவர் சட்ட ஆலோசகர். நாம இங்க பௌதிகம் படிச்சுக்கிட்டு இருந்தப்ப அங்க ஒரு மேஜையில உக்காந்து இவர் கான்ட்ராக்ட் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நாப்பத்தி மூணு வயசு வரைக்கும் யாருக்கும் தெரியாத ஒரு ஆபீஸ் வக்கீல், அவ்வளவுதான்.

கேள்வி (ஈரோடு): கட்சி பேரு லிபரல் டெமாக்ரடிக், பேசுறது பூரா படையெடுப்பு. இது எப்படி சார்?

ரஷ்யாக்காரங்களே முப்பது வருஷமா இதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. கட்சி ஆரம்பிச்ச நேரம் அப்படி. 1990 மார்ச்லதான் சோவியத் அரசியல் சட்டத்துலேர்ந்து கம்யூனிஸ்ட் கட்சியோட ஏகபோகத்தை எடுத்தாங்க, அதே மாசக் கடைசியில இந்தக் கட்சியோட முதல் மாநாடு, அப்ப லிபரல்னு பேர் வச்சா மேல்நாட்டுக்காரனும் மதிப்பான், உள்ளூர்லயும் புதுசா தெரியும். 1991 ஏப்ரல்ல முறையா பதிவாச்சு, சோவியத் யூனியன்ல பதிவான முதல் எதிர்க்கட்சின்னு இவங்க பெருமையா சொல்லிக்குவாங்க.

அவ்வளவு சுளுவா எப்படிப் பதிவாச்சுன்னு கேட்டா அங்கதான் வில்லங்கம். சோவியத் தலைவர் கோர்பசேவோட நெருங்கின சகாவா இருந்த அலெக்சாண்டர் யாகவ்லெவ், இது சோவியத் உளவுத்துறை கேஜிபியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேந்து உருவாக்கின கட்சின்னு பின்னாடி எழுதினாரு. ஜிரினோவ்ஸ்கி சாகுற வரைக்கும் இல்லவே இல்லைன்னாரு. பிறப்பைப் பத்தி ஆயிரம் சொல்லலாம், வளர்ந்த விதத்தைப் பாருங்க, அதைத்தான் கீழ நீளமா சொல்லப்போறேன்.

கேள்வி (சென்னை, வியாசர்பாடி): மொத்தம் எத்தனை தடவை ஜனாதிபதி தேர்தல்ல நின்னாரு? ஒரு தடவையாவது கிட்ட வந்தாரா?

ஆறு தடவை. ரஷ்யாவுல வேற யாரும் இத்தனை தடவை நின்னதில்ல, கம்யூனிஸ்ட் தலைவர் சியுகானவ் கூட நாலுதான். முதல் தடவை 1991 ஜூன், யெல்த்சின் ஜெயிச்ச தேர்தல், அதுல யாருன்னே தெரியாத இந்த ஆளு 7.81 சதவீதம் வாங்கி மூணாவதா வந்தாரு, 62 லட்சம் ஓட்டுக்கு மேல. அப்ப எல்லாரும் சும்மா ஒரு விபத்துன்னு நினைச்சாங்க. 1996-ல 5.70, அஞ்சாவது இடம். 2000-ல புதின் முதல் தடவை வந்தப்ப 2.70, அதுதான் இருக்கிறதுலயே மட்டம். 2008-ல 9.35, அதுதான் உச்சம், ஆனா அந்த தடவை புதின் சட்டப்படி நிக்க முடியாம மெத்வெதேவ நிறுத்தியிருந்தாரு. 2012-ல 6.22, 2018-ல 5.65.

நடுவுல 2004 மட்டும் காணோம் பாருங்க. அந்த வருஷம் புதின் ஜெயிக்கிறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம், இவர் நிக்கல, தன்னோட மெய்க்காப்பாளரை நிறுத்திட்டாரு! ஒலெக் மாலிஷ்கின்னு பேரு, பழைய குத்துச்சண்டை வீரர். அவருக்கும் 2.02 சதவீதம் ஓட்டு விழுந்துச்சு. பாடிகார்டே 2 சதவீதம் வாங்குறாருன்னா முதலாளி 2000-ல வாங்கின 2.70-ஐ என்னன்னு சொல்றது.

கேள்வி (திருநெல்வேலி): தோக்கப்போறோம்னு தெரிஞ்சே ஏன் சார் நிக்கணும்? செலவு வேற.

செலவா? வரவுல்ல! வேட்பாளர்னா அரசு டிவியில இலவச நேரம் கிடைக்கும், விவாதத்துல கூப்பிடுவாங்க, ரெண்டு மாசம் நாடு பூரா மூஞ்சி தெரியும். கட்சிக்கு உண்மையான பிழைப்பு டூமா தேர்தல், அதாவது நாடாளுமன்றத்தோட கீழ்சபை. அங்க ஓட்டு கட்சி லிஸ்ட்டுக்கு விழுது, லிஸ்ட்டுல முதல் பேரு இவரு, அந்தப் பேரு மறந்துபோகாம இருக்கணும்ல. அதுக்கு மேல 3 சதவீதம் வாங்குற கட்சிக்கு, விழுந்த ஓட்டுக்கு இவ்வளவு ரூபிள்னு அரசாங்கமே பணம் குடுக்குது. ஜனாதிபதி ஆகிட்டாதான் கஷ்டம், சொன்னதையெல்லாம் செய்யணும்.

கேள்வி (கும்பகோணம்): 1993-ல இவர் கட்சி முதலிடம் வந்துச்சாமே, அது எப்படி நடந்துச்சு? விவரமா சொல்லுங்க சார், நான் அப்ப காலேஜ்ல இருந்தேன், பேப்பர்ல படிச்ச ஞாபகம் மட்டும் இருக்கு.

இதுதான் முக்கியமான கேள்வி. 1992 ஜனவரி 2-ம் தேதி யெல்த்சின் அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துடுச்சு. அந்த ஒரு வருஷத்துல மட்டும் விலைவாசி 25 மடங்குக்கு மேல ஏறுச்சு, பேங்க்ல முப்பது வருஷம் சேத்து வச்ச பணம் செருப்பு வாங்கக் கூட காணாம போச்சு, சம்பளம் மாசக்கணக்கா வரல, ராணுவ ஆபீசருங்க கிழக்கு ஜெர்மனியிலேர்ந்து குடும்பத்தோட திரும்பி வந்தா இருக்க வீடில்ல. இதுக்கு நடுவுல 1993 அக்டோபர்ல யெல்த்சினுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை முத்தி டாங்கிய வச்சு நாடாளுமன்றக் கட்டடத்தையே சுட்டாங்க. சனங்க வெறுத்துப்போயிருந்த நேரத்துல டிசம்பர் 12-ல தேர்தல்.

கோபத்துல இருக்கிறவன் யாருக்குப் போடுவான்? கம்யூனிஸ்ட் கட்சி தடையிலேர்ந்து மீண்டு அப்பதான் எழுந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. சீர்திருத்தம் பேசின ஆளுங்க டிவியில வந்து பொருளாதார வகுப்பு எடுத்தாங்க, அவங்க தலைவர் கைதார் நல்ல படிப்பாளி, ஆனா அவர் பேசுறது புரியறதுக்குள்ள சோறு ஆறிடும். ஜிரினோவ்ஸ்கி டிவி நேரத்தைக் காசு குடுத்து வாங்கி, கேமராவ நேரா பாத்து, சின்னச் சின்ன வாக்கியமா பேசினாரு. ஒரு நாள் பொம்பளைங்களுக்குன்னு பேசுவாரு, ஒரு நாள் ராணுவத்துக்காரங்களுக்கு, ஒரு நாள் வேலை போனவங்களுக்கு, ஒவ்வொருத்தர் மனக்குறையையும் அவங்க பாஷையிலயே திருப்பிச் சொல்லி "உங்களை ஏமாத்திட்டாங்க, நான் இருக்கேன்"னு முடிப்பாரு. அதுக்கு முன்னாடி 1991-லயே வோட்கா விலையக் குறைப்பேன்னு சொன்ன ஆளு, கேக்கவா வேணும்.

ரிசல்ட் வர்ற அன்னைக்கு ராத்திரி டிவியில நேரலையா ஒரு விழாவே வச்சிருந்தாங்க, "அரசியல் புத்தாண்டு"ன்னு கொண்டாட்டம், பெரிய பெரிய ஆளுங்க கோட்டு சூட்டோட உக்காந்திருக்காங்க. ரஷ்யாவுல கிழக்குலதான் முதல்ல விடியும், அங்கேர்ந்துதான் முதல்ல எண்ணிக்கை வரும், தூரக் கிழக்கு நிலவரம் ஒவ்வொண்ணா வர வர ஜிரினோவ்ஸ்கி கட்சி மேல போய்க்கிட்டே இருக்கு. எழுத்தாளர் யூரி கர்யாகின் தாங்க முடியாம மைக்ல "ரஷ்யாவே, புத்தி தெளிஞ்சுக்கோ, உனக்கு மூளை கெட்டுப்போச்சு"ன்னு கத்தினது இன்னைக்கும் அங்க பழமொழி மாதிரி ஓடிக்கிட்டு இருக்கு. கடைசியில எல்டிபிஆர், அதாவது இவர் கட்சி, 22.92 சதவீதம். கைதாரோட கட்சி 15.51, கம்யூனிஸ்ட் 12.40.

ஆனா ஒரு கணக்கு பாருங்க. கட்சி லிஸ்ட்ல 59 சீட் வாங்கின இவங்க, 225 தனித் தொகுதியில வாங்கினது வெறும் 5. ஊர்ல ஆளே இல்ல, அமைப்பே இல்ல, டிவியில தெரிஞ்ச ஒரு மூஞ்சிக்கு விழுந்த ஓட்டு அது.

இன்னொரு விஷயம், இதை ரொம்பப் பேரு சொல்லாம விட்டுடுறாங்க. அதே டிசம்பர் 12-ல புது அரசியல் சட்டத்துக்கும் வாக்கெடுப்பு நடந்துச்சு, ஜனாதிபதிக்கு அள்ளி அள்ளி அதிகாரம் குடுக்கிற சட்டம், யெல்த்சின் எழுத வச்சது. கம்யூனிஸ்ட்டுங்க எதிர்த்தாங்க. யெல்த்சினை மேடைக்கு மேடை திட்டின ஜிரினோவ்ஸ்கி அந்தச் சட்டத்துக்கு ஆதரவா ஓட்டுப் போடச் சொன்னாரு. தானே நாளைக்கு ஜனாதிபதி ஆகிடுவோம்னு ஒரு ஆசை இருந்திருக்கலாம், ஆனா அந்த அதிகாரத்தை எல்லாம் பின்னாடி அனுபவிச்சது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி (கன்னியாகுமரி): இந்தியப் பெருங்கடல்ல ரஷ்ய சிப்பாய் பூட்ஸ் கழுவுவான்னு சொன்னாராமே! எங்க ஊருக்கு வந்துருவாங்களா?

பயப்படாதீங்க, உங்க ஊர் அந்த ரூட்ல இல்ல. 1993-ல இவர் எழுதின ஒரு புத்தகத்துல அந்தக் கனவு வருது, ரஷ்ய சிப்பாய்ங்க இந்தியப் பெருங்கடலோட வெதுவெதுப்பான தண்ணியில பூட்ஸைக் கழுவிட்டு நிரந்தரமா கோடைக்கால யூனிஃபார்முக்கு மாறணுமாம். போற வழி துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான். ஆப்கான்ல பத்து வருஷம் மாட்டி சோவியத் படை வெளிய வந்து நாலே வருஷம் ஆகியிருந்த நேரத்துல இப்படி எழுதியிருக்காரு. இதுபோக அலாஸ்காவையும் அமெரிக்கா திருப்பித் தரணும்பாரு. வெளிநாட்டுப் பத்திரிகைங்க அந்த ஒரு பூட்ஸ் வரிய வச்சே அவரைப் பேயா காட்டி ரெண்டு மூணு வருஷம் கட்டுரை எழுதுச்சு, அவருக்கும் அதுதான் வேணும்.

கேள்வி (மதுரை): யூடியூப்ல ஒரு வீடியோ பாத்தேன், ஜூஸ் ஊத்தி சண்டை போடுறாங்க. அது இவர்தானா?

அவரேதான். 1995, லியுபிமவ் நடத்தின டிவி விவாத நிகழ்ச்சி, எதிர்ல போரிஸ் நெம்த்சவ், அப்ப அவர் நீஷ்னி நோவ்கொரத் ஆளுநர், சின்ன வயசு. வாக்குவாதம் முத்தி ஜிரினோவ்ஸ்கி ஆரஞ்சு ஜூஸை அவர் மேல வீச, அவரும் சும்மா இல்லாம திருப்பி வீசினாரு. அதே வருஷம் டூமாவுல நடந்த அடிதடியில ஒரு பெண் உறுப்பினரோட முடியைப் பிடிச்சு இழுத்தாரு, இதெல்லாம் காமெடின்னு சிரிக்கிற விஷயமே இல்ல, ஆனா அங்க டிவியில திரும்பத் திரும்பப் போட்டு காமெடி ஆக்கிட்டாங்க. 1994-ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர் போனப்ப தன்னை எதிர்த்து கோஷம் போட்ட யூத மாணவருங்க மேல ரஷ்ய தூதரக வளாகத்துக்குள்ள இருந்துக்கிட்டே செடியையும் மண்ணையும் வீசினாரு. 2018 தேர்தல் விவாதத்துல, அதே தேர்தல்ல நின்ன க்சேனியா சப்சாக்க வாயில சொல்ல முடியாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்ட, அந்தம்மா கிளாஸ் தண்ணிய எடுத்து மூஞ்சியில ஊத்திட்டாங்க, அது கொஞ்சம் திருப்தியா இருந்துச்சு.

நெம்த்சவ் கதை தெரியும்ல? பின்னாடி புதினை எதிர்த்து நின்னாரு, 2015 பிப்ரவரி 27, கிரெம்ளின் பக்கத்துப் பாலத்துல சுட்டுக் கொன்னுட்டாங்க. உண்மையான எதிர்க்கட்சிக்காரனுக்கு அந்த ஊர்ல கிடைச்சது அது. இவருக்குக் கிடைச்சது டூமாவுல துணை சபாநாயகர் பதவி, 2000-லேர்ந்து 2011 வரைக்கும்.

கேள்வி (திருப்பூர்): அப்ப இவர் எதிர்க்கட்சியே இல்லைங்கறீங்களா? புதினைக் கூட திட்டியிருக்காரேங்க அண்ணா?

அரசாங்கத்தை திட்டுவாரு, மந்திரிய திட்டுவாரு, ஆளுநரை, கம்யூனிஸ்ட்ட, அமெரிக்காவ எல்லாரையும் திட்டுவாரு. ஆனா நான் சொல்றது என்னன்னா, இவர் வாயைப் பாக்காதீங்க, இவர் கட்சி டூமாவுல பொத்தானை எந்தப் பக்கம் அமுக்குதுன்னு பாருங்க. அப்படிப் பாத்தா அந்த ஆளு வேற ஆளா தெரிவாரு.

ஒரு உதாரணம். 1999 மே 15. யெல்த்சினைப் பதவியிலேர்ந்து தூக்க டூமாவுல அஞ்சு குற்றச்சாட்டு வச்சு ஓட்டெடுப்பு. 450 பேர்ல 300 பேர் வேணும். செச்னியா போர் பத்தின குற்றச்சாட்டுக்குதான் அதிகமா விழுந்துச்சு, 283. அதாவது 17 ஓட்டு குறைச்சல். ஜிரினோவ்ஸ்கி கட்சிக்கு அப்ப டூமாவுல ஏறக்குறைய 50 பேரு. எட்டு வருஷமா யெல்த்சின் ஒழிகன்னு கத்தின கட்சி, அன்னைக்கு ஓட்டே போடல, மொத்தமா ஒதுங்கிடுச்சு. அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. தொண்ணூறுகள்ல பட்ஜெட் ஓட்டெடுப்புலயும் அரசாங்கத்துக்கு முட்டு வர்ற நேரத்துல இவங்க கை அங்கதான் நீளும், காசுக்குன்னு எதிராளிங்க வெளிப்படையாவே சொல்வாங்க, அவர் அதை மறுப்பாரு.

கிரெம்ளினுக்கு இது ரொம்ப வசதி. வேலை இல்லாதவன், சின்ன டவுன்ல இருக்கிறவன், சைபீரியாவுலயும் தூரக் கிழக்குலயும் மாஸ்கோ மேல வயித்தெரிச்சல்ல இருக்கிறவன், இவங்க ஓட்டு எங்கயாவது போயாகணும். குக்கருக்கு விசில் மாதிரி இவர். சத்தம் காதைப் பிளக்கும், மூடி மட்டும் திறக்காது. 2014 ஆகஸ்ட்ல யால்டாவுல டூமா உறுப்பினருங்க கூட்டத்துல இவர் எழுந்து, பழைய பேரரசு கொடிய கொண்டு வரணும், ஜார் காலத்து கீதம் பாடணும், புதினை உச்ச ஆட்சியாளர்னு கூப்பிடணும்னு நீளமா பேச, புதின் சிரிச்சுக்கிட்டே, இவர் கருத்தும் நாட்டோட அதிகாரபூர்வ நிலைப்பாடும் எப்பவும் ஒண்ணா இருக்காது, ஆனா ஆளு நல்லா கலகலப்பாக்குறாருங்கற மாதிரி சொன்னாரு. எதிர்க்கட்சித் தலைவரைப் பத்தி ஆளுறவன் அப்படியா பேசுவான்?

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும், கபரோவ்ஸ்க் கதை. சீன எல்லைக்கிட்ட இருக்கிற பிராந்தியம். 2018 செப்டம்பர் ஆளுநர் தேர்தல்ல எல்டிபிஆர் சார்புல செர்கேய் ஃபுர்கல்னு ஒருத்தர் நின்னாரு, ஜெயிக்கிற எண்ணமெல்லாம் பெருசா இல்ல, ஆனா ஆளுங்கட்சி மேல இருந்த கடுப்புல சனங்க ரெண்டாவது சுத்துல கிட்டத்தட்ட 70 சதவீதம் ஓட்டை அள்ளிப் போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் அங்க இருக்கிற சட்டமன்றத்தையும் எல்டிபிஆரே வாரிச் சுருட்டிடுச்சு. இந்தக் கட்சிக்கு அங்க நிஜமான மக்கள் ஆதரவு, நிஜமான ஆளுநர். 2020 ஜூலை 9-ம் தேதி, பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின கொலை வழக்குன்னு சொல்லி ஃபுர்கலைக் கைது பண்ணி மாஸ்கோவுக்குக் கொண்டு போயிட்டாங்க. கபரோவ்ஸ்க்ல ஆயிரக்கணக்குல சனங்க தெருவுக்கு வந்தாங்க, சனிக்கிழமை தவறாம மாசக்கணக்கா ஊர்வலம், அந்தப் பக்கம் அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல.

ஜிரினோவ்ஸ்கி அன்னைக்கு டூமாவுல போட்ட சத்தம் இருக்கே, அது நடிப்பு இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஸ்டாலின் காலம் மாதிரி நடத்துறீங்க, உங்களுக்கு அரசியல் சட்டத்தை நாங்க நிறைவேத்திக் குடுத்தோம், நீங்க எங்களுக்கு விலங்கு மாட்டுறீங்கன்னாரு. அந்த ஒரு வரியில முழுக் கதையும் வந்துடுச்சு பாருங்க, ஏன்னா அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் புதின் மறுபடியும் நிக்க வழி பண்ணிக்குடுக்கிற திருத்தத்துக்கு வாக்கெடுப்பு முடிஞ்சிருந்துச்சு, டூமாவுல எல்டிபிஆர் அதுக்கு ஆதரவாத்தான் பொத்தானை அமுக்கியிருந்துச்சு. கட்சியே மொத்தமா ராஜினாமா பண்ணும்னு மிரட்டினாரு. யாரும் பண்ணல. பதினொரு நாள் கழிச்சு, ஜூலை 20-ம் தேதி, புதின் ஃபுர்கல் இடத்துக்கு அதே எல்டிபிஆர் கட்சியிலேர்ந்து திக்த்யர்யோவ்னு ஒரு டூமா உறுப்பினரை நியமிச்சாரு. தலைவர் வாயை மூடிக்கிட்டாரு. கபரோவ்ஸ்க் சனங்க மூடல, அவங்க கொட்டுற பனியிலயும் நடந்துக்கிட்டு இருந்தாங்க. ஃபுர்கலுக்கு 2023-ல 22 வருஷம் தண்டனை.

கேள்வி (காரைக்குடி): அவங்க அப்பா யூதர்னும் அதை மறைச்சாருன்னும் சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். அப்பா வோல்ஃப் எய்டெல்ஷ்டெய்ன், போலந்து பக்கத்து யூதர், இவர் பொறந்த வருஷமே குடும்பத்தை விட்டுப் போகவேண்டியதாகி, பின்னாடி இஸ்ரேல்ல குடியேறிட்டாரு. ஜிரினோவ்ஸ்கிங்கறது அம்மாவோட முதல் கணவர் பேரு, 1964-ல இவர் அதை எடுத்துக்கிட்டாரு. தொண்ணூறுகள்ல யூதங்களைக் கண்டபடி பேசிக்கிட்டே, உங்க பூர்வீகம் என்னன்னு கேட்டா "அம்மா ரஷ்யர், அப்பா வக்கீல்"னு சொன்னாருன்னு ஒரு கதை, அது அங்க பெரிய ஜோக். அவரைக் கேட்டா அது ரெண்டு வேற வேற கேள்விக்குச் சொன்ன பதில், பத்திரிகைக்காரங்க ஒட்ட வச்சுட்டாங்கன்னுவாரு. 2001-ல அவரே ஒத்துக்கிட்டு எழுதினாரு. 2006-ல இஸ்ரேல் போய் அப்பா கல்லறைய பாத்துட்டு வந்தாரு. முன்ன பேசினதுக்கு ஒரு வருத்தமாவது தெரிவிச்சிருக்கலாம்.

கேள்வி (புதுச்சேரி): சதாம் உசேனோட ஃப்ரெண்டாமே?

ஆமாங்க, பாக்தாதுக்குப் போய்ப் போய் வருவாரு. ஈராக் எண்ணெய வித்து உணவு வாங்க ஐ.நா. நடத்தின எண்ணெய்க்கு உணவுத் திட்டத்துல நடந்த ஊழலை விசாரிச்ச வோல்கர் குழு 2005 அறிக்கையில எண்ணெய் ஒதுக்கீடு வாங்கினவங்க பட்டியல்ல இவர் பேரும் இருந்துச்சு. ஒண்ணுமே வாங்கலைன்னு மறுத்துட்டாரு.

கேள்வி (சேலம்): சார் இவரு நல்லவரா கெட்டவரா? ஒரு வரியில சொல்லுங்க.

2020 ஜனவரியில, அவங்க கிறிஸ்துமஸ் சமயம், செஞ்சதுக்கத்துல நின்னு சனங்களுக்குக் காசு நோட்டு குடுத்தாரு, குடுக்கும்போதே அநாதைங்களே வாங்க, அடிமைகளே வாங்கன்னு கூப்பிட்டாரு. வாங்கினவங்க வரிசையில நின்னு வாங்கினாங்க. இவர் கட்சியோட பழைய கோஷம் "நாங்க ஏழைகளுக்காக, நாங்க ரஷ்யர்களுக்காக". நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

கேள்வி (வேலூர்): உக்ரைன் போரைத் தேதியோட முன்கூட்டியே சொன்னாராம். அது ஃபேக் நியூஸா?

ஃபேக் இல்ல. 2021 டிசம்பர் 27, டூமாவுல கடைசி கூட்டம், ஆளு கொஞ்சம் இளைச்சுத் தெரியறாரு. 2022 அமைதியான வருஷமா இருக்கணும்னு ஆசைதான், ஆனா உண்மையச் சொல்லணும்ல, அமைதியா இருக்காது, பிப்ரவரி 22 விடியக்காலை 4 மணிக்கு உங்களுக்கே தெரியும்னாரு. பிப்ரவரி 22-ம் தேதி டூமா, கிழக்கு உக்ரைன்ல இருக்கிற தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க் ரெண்டையும் தனி நாடா ஏத்துக்கிற ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் குடுத்துச்சு, 24-ம் தேதி விடியக்காலை படை உள்ள போச்சு.

ஞானதிருஷ்டின்னு ரஷ்ய டிவி அவரைத் தூக்கி வச்சு ஆடுது. எனக்கு அப்படித் தோணல. 28 வருஷம் டூமாவுல இருந்த ஆளு, ராணுவத்துல, உளவுத்துறையில எல்லாம் பழக்கம், காதுல நாலு விஷயம் விழாம இருக்குமா. போதாததுக்கு வாரத்துக்கு ஒரு ஜோசியம் சொன்னவரு, பொய்யாப் போனதை யார் எண்ணி வச்சிருக்கா? அமெரிக்காவுல டிரம்ப் ஜெயிச்சதும் எல்லாம் சரியாயிடும்னு 2016-ல டூமாவுல ஷாம்பெயின் ஒடச்சு குடிச்சாரு, சரியாச்சா? ஆனா கவனிக்க வேண்டியது வேற. 2014 மார்ச்லயே போலந்து, ருமேனியா, ஹங்கேரி மூணு நாட்டுக்கும் லெட்டர் போட்டு, உக்ரைனோட மேற்குப் பகுதிய நீங்க பிரிச்சு எடுத்துக்கோங்க, வாக்கெடுப்பு வச்சிருங்கன்னாரு. அன்னைக்கு எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. முப்பது வருஷம் கோமாளின்னு சிரிச்சுக்கிட்டே கேட்ட பேச்சு, ஒரு கட்டத்துல மந்திரிங்க மூஞ்ச சீரியஸா வச்சுக்கிட்டு பேசுற பேச்சாயிடுச்சு. அவர் மாறல, மத்தவங்க அவர்கிட்ட நகந்து வந்துட்டாங்க.

கேள்வி (நாகர்கோவில்): எட்டு தடவை கொரோனா தடுப்பூசி போட்டும் கொரோனாவுல செத்தாராமே?

எட்டு போட்டேன்னு அவரே சொன்னாரு. 2022 பிப்ரவரி ஆரம்பத்துல ஆஸ்பத்திரியில சேந்தாரு, போர் ஆரம்பிச்சப்ப அங்கதான் படுத்திருந்தாரு, ஏப்ரல் 6-ம் தேதி இறந்துட்டாருன்னு டூமா சபாநாயகர் அறிவிச்சாரு. 75 வயசு. இதை வச்சு தடுப்பூசி வேஸ்ட்டுன்னு ஃபார்வர்ட் மெசேஜ் அனுப்பாதீங்க ப்ளீஸ், எனக்கே அஞ்சு வந்துடுச்சு.

அடக்கம் நோவதேவிச்சி கல்லறைத் தோட்டத்துல, அதுக்கு முன்னாடி தூண் மண்டபத்துல அஞ்சலிக்கு வச்சாங்க, ஸ்டாலினை வச்ச அதே மண்டபம். புதின் நேர்ல வந்தாரு. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் கிரில்லே வந்து பிரார்த்தனை நடத்தினாரு.

கேள்வி (திருச்சி): இப்ப அந்தக் கட்சி என்னாச்சு? பையன் வந்துட்டாரா? நம்ம ஊர்னா வந்திருப்பாரு!

பையன் இகர் லெபெதெவ் முன்னாடியே டூமாவுல கட்சிக் குழுத் தலைவரா பதினோரு வருஷம் இருந்தாரு, அந்த ஆசையும் அனுபவிச்சாச்சு. ஆனா தலைவர் நாற்காலி அவருக்கு வரல, 2022 மே மாசம் லியனீத் ஸ்லுத்ஸ்கிக்குப் போச்சு. 2018-ல பெண் பத்திரிகையாளருங்க பாலியல் சீண்டல் புகார் குடுத்தப்ப டூமா ஒழுங்குக் குழு ஒரு தப்பும் இல்லைன்னு விட்டுச்சே, அந்த ஸ்லுத்ஸ்கிதான்.

கட்சிக்குப் பேச ஆளில்லாத கஷ்டம் எவ்வளவு பெருசுன்னா, 2023 ஜூன்ல பீட்டர்ஸ்பர்க் பொருளாதார மாநாட்டுல ஜிரினோவ்ஸ்கியோட பழைய பேச்சையெல்லாம் ஊட்டி ஒரு ஏஐ ஜிரினோவ்ஸ்கிய இறக்கினாங்க, கேள்வி கேட்டா அவர் குரல்லயே பதில் சொல்லுமாம். 2024 ஜனாதிபதி தேர்தல்ல நிஜ ஆளு ஸ்லுத்ஸ்கி நின்னாரு. புதினை ஜெயிக்கிற கனவெல்லாம் எனக்கு இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டாரு, பழையவரு கூட இப்படிப் பச்சையா சொன்னதில்ல. நாலு பேர்ல நாலாவதா வந்தாரு, 3.20 சதவீதம். அரசாங்கப் பணம் வர்றதுக்கு வேண்டிய 3-ஐ எப்படியோ தாண்டிட்டாரு.